டிரெய்லர் பிரேக்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

இங்கே அமெரிக்காவில் நம்மவர்களிடம் டிரெய்லர் பெருகிவிட்டது. கோடையில் படகு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சங்கத்து அண்டா, ஒலிபெருக்கி, மேடைச் சாமான் எல்லாம் அதில்தான் போகின்றன. முன்வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னால் வரும் இரண்டு டன் சுமையை அடக்குவது மின்சார பிரேக். அது தேய்ந்தால் பழுது பார்ப்பதா, முழுதாக மாற்றுவதா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் செங்கல். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பக்கம். 1956-ல் மாநில எல்லை பிரித்தபோது கேரளத்தில் நின்றுவிட்ட பகுதி. அங்கெல்லாம் லாரி பிரேக் தேய்ந்தால் ஷூவைக் கழற்றி, பழைய லைனிங்கைப் பெயர்த்து, புதியதை ரிவெட் அடித்துக் கொடுப்பார்கள். இரும்பு ஷூவை யாரும் எறிய மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு ‘முழுசா மாத்து’ என்றால் மனம் ஒப்பாது. ஆனால் அங்கே கூலி குறைவு, சாமான் விலை அதிகம். இங்கே நேர்மாறு.

இந்த பிரேக் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் முடிவு எளிது. டிரம்முக்குள்ளே ஒரு மின்காந்தம் இருக்கிறது. நாம் பிரேக்கை மிதித்ததும் அதில் மின்சாரம் பாய்ந்து, அது சுழலும் டிரம்மின் உட்புற முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் அதை இழுக்க, அதனோடு இணைந்த நெம்புகோல் இரண்டு ஷூக்களையும் விரிக்கிறது. ஆகவே லைனிங் மட்டுமல்ல, காந்தமும் அது உரசும் டிரம் முகமும் கூடத் தேய்கின்றன.

பிரேக் பிடிக்கவில்லை என்றவுடன் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். முதலில் மீட்டர் வையுங்கள். 10, 12 அங்குல பிரேக்குகளின் காந்தம் பொதுவாக 3.2 ஓம் காட்டும். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துச் சுமார் 12 ஆம்பியர் ஓட வேண்டும். மிகக் குறைந்தால் பெரும்பாலும் துருப்பிடித்த வயர் இணைப்போ எர்த்தோதான் காரணம். அதற்குச் செலவு மிகக் குறைவு.

பிறகு ஸ்டாண்டு கொடுத்துத் திறந்து பாருங்கள். தூசியை ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். லைனிங் 1/16 அங்குலத்துக்கு வந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. காந்தத்தின் முகத்தில் நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள். சமமாக இல்லாவிட்டாலோ, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றுங்கள். கிரீஸ் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். அது கூடாது. எறிந்துவிட்டு, ஒழுகும் சீலையும் மாற்ற வேண்டும்.

சங்கத்து டிரெய்லரில் இதுதான் நடந்தது. முன் அச்சில் ஒரு சக்கரத்தில் சீல் ஒழுகியிருந்தது. ஷூ, காந்தம், ஸ்பிரிங் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டால் முழு பிரேக்கின் விலையே வந்துவிட்டது; பொருளாளரும் வாயடைத்துப்போனார்! அந்த அச்சின் இரு பக்கமும் முழுதாக மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிரம்கள் நன்றாக இருந்ததால் துடைத்து அவற்றையே போட்டோம். பின் அச்சில் லைனிங் தடிப்பாக இருந்தது, தொடவில்லை.

என் கணக்கு இதுதான்: ஷூ மட்டும் போயிருந்தால் ஷூ, இரண்டு உறுப்புகள் போயிருந்தால் முழு பிரேக். 10 அங்குலத்துக்குப் பொதுவாக நான்கு போல்ட், 12-க்கு ஐந்து, வயர் இரண்டு; அரை நாள் வேலை. இடது வலது மாறக்கூடாது. குட்டையான லைனிங் உள்ள ஷூ முன்பக்கம் பார்க்க வேண்டும். 10 அங்குல டிரம்மைக் கடைந்தாலும் 10.09-க்கு மேல் போகக்கூடாது. டிரம் அதைத் தாண்டியிருந்தால் அதையும் மாற்றாமல் தீராது.

தானே சரிசெய்துகொள்ளாத வகையென்றால், புதிதாகப் பொருத்தியபின் 200 மைலிலும், பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறையும் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். டிரெய்லர் கழன்றால் பிரேக் பிடிக்கவைக்கும் சிறு பேட்டரியையும் அப்போதே சோதியுங்கள். நான் பார்த்த வண்டிகள் பலவற்றில் அது செத்துக் கிடந்தது.