ஆளுக்கொரு வசனம்

எங்கள் வீட்டில் ராத்திரிப் பசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு வேதப்புத்தகம் இருந்தது. ஏழு மணி வாக்கில் கோயில்பிள்ளை மணியடிப்பார். ஆலயத்து ஜெபத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவியதும் வீட்டு ஜெபம். அது முடியாமல் ஆச்சி பானையைத் திறக்கமாட்டாள். மீன் குழம்பு மணக்கிற நாளில் சித்தப்பாவின் ஜெபம் ரொம்பச் சின்னதாக இருக்கும். தாத்தா கண்ணை மூடியபடியே தொண்டையைச் செருமுவார். சித்தப்பா இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்வார்.

மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரத்தைத் தூரத்தில் பார்த்து வளர்ந்த தேரிக்காட்டு ஊர்களில் ஒன்று எங்களுடையது. நான் சொல்வது 1970களின் கதை. பாயை விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, பிறகு வேதவாசிப்பு. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். வாசிக்கிறவர்களில் சின்னவனான என்னில் தொடங்கி அத்தை, சித்தப்பா, அம்மா, அப்பா, தாத்தா, கடைசியில் ஆச்சி. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, நடத்திய பெண்கள் வகுப்பில் வேதத்தைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகியவள். அவளுடைய முறை வந்தால் ஒவ்வொரு எழுத்தாக ஏறி இறங்குவாள். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. தாண்டக் கூடாது. ஆதியாகமத்தில் தொடங்கினால் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். சுற்றி முடிக்க மூன்றே கால் வருஷம். முதலாம் நாளாகமத்தில் ஒன்பது நாளுக்கு வெறும் பேர்ப்பட்டியல், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 119ஆம் சங்கீதம் வருகிற நாளை நான் மட்டுமல்ல, பெரியவர்களும் பயத்தோடுதான் எதிர்பார்த்தார்கள். 176 வசனங்கள், ஏழு பேர். ஆளுக்கு இருபத்தைந்து வாசித்த பிறகும் ஒன்று மிஞ்சும். அது என் தலையில் விழும்.

அப்படித் தாண்டாமல் போனதால்தான் ஒருநாள் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பதின்மூன்றாம் வசனம் தாத்தாவுக்கு. கூலிக்கு வந்தவனுக்குக் கொடுக்கவேண்டியதைப் பொழுது விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்பது அதன் பொருள். தாத்தா வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த வாரம் கிணறு தூர்வாரின நாலு பேருக்கு அவர் பாக்கி வைத்திருந்தார். வேலை சரியில்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை. ஆச்சி தன் வசனத்தை எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள், சுற்று நகர்ந்தது. பரமண்டல ஜெபம் முடிந்து, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லி எழுந்ததும், தாத்தா மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிச் சித்தப்பா கையில் கொடுத்தார். "காலைல கொடுத்தா ஆகாதா?" என்றார் சித்தப்பா. விடிவதற்கு முன்னால் என்றுதானே போட்டிருக்கிறது! சித்தப்பா அரிக்கேன் விளக்கோடு போய், தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, அவர்கள் என்னவோ ஏதோ என்று பதறி, ஒருவழியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். சோறு ஆறிப் போயிருந்தது. மறுநாள் முழுக்கத் தாத்தா அந்தக் கிணற்று வேலையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேதத்தை வாழ்க்கையோடு பொருத்துவது பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. எனக்கு இன்றும் அது அந்த அரிக்கேன் விளக்குதான்.

இந்தப் பழக்கம் எங்கள் ஊருக்குத் தானாக வந்ததல்ல. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க, 1715இல் அது அச்சாகி முடிந்தது. இன்னொரு மிஷனரியான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். வீட்டுக்கொரு புத்தகம் என்பது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். அதுவரை உபதேசியார் வாசிக்க ஊர் கேட்டது. நாங்கள் வாசித்தது 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு. பவர் ஐயர் தலைமையில் செய்தது. கடற்கரைப் பக்கம் மணப்பாட்டுக் கத்தோலிக்க வீடுகளில் அதே ராத்திரி நேரத்தில் செபமாலை நடக்கும். அவர்கள் வீடுகளில் விவிலியத்தை விரித்துவைத்து வாசிப்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1965க்கு மேல்தான் பரவலானது. அவர்களுக்குச் செபம், எங்களுக்கு ஜெபம். ஓர் எழுத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஜெபத்தின் பேச்சே இன்று மாறிவிட்டது. தாத்தா 'தேவரீர்' என்று தொடங்குவார். கலெக்டருக்கு மனு எழுதுகிறவரின் பணிவும் நறுக்கும் அதில் இருக்கும். இன்று ஜெபத்தில் என் மகள் 'அப்பா' என்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'இயேசப்பா' என்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. தாத்தாவுக்குப் பிடித்திருக்காது.

பிடிக்காத மாற்றம் வேறு. காலையில் கண் விழிக்கும் முன்பே குடும்பக் குழுவில் வசனங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. ரோஜாப்பூ, சூரியோதயம், நடுவே ஒரு வசனம். அத்தை ஒன்று, மதினி ஒன்று, சபையின் வாலிபர் குழுவிலிருந்து ஒன்று. பதிலுக்கு எல்லாரும் 'ஆமென்' போடுகிறார்கள். நானும் போடுகிறேன், வாசித்தும் வாசிக்காமலும். எல்லாமே வாக்குத்தத்தம்: ஆசீர்வாதம், உயர்வு, சுகம். கூலிப்பாக்கி பற்றிய வசனத்தை ரோஜாப்பூவோடு யாரும் எனக்கு இதுவரை அனுப்பியதில்லை.

எரேமியா 29ஆம் அதிகாரத்தின் பதினோராம் வசனம் வாரத்துக்கு ஒருமுறையாவது வரும். நல்ல எதிர்காலம் உண்டு என்று சொல்கிற வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தில் உள்ளது அது. அதற்கு முந்தைய வசனம், ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணாகிவிடுவார்கள். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிடித்துக்கொண்டு போனவர்களின் பட்டணத்துக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்கிறது அந்தக் கடிதம். வரிசையாக வாசிக்கிறவன் பத்தைக் கடந்துதான் பதினொன்றுக்கு வரமுடியும். படத்தில் பத்துக்கு இடமில்லை.

ஆனால் இதைச் செல்போனின் குற்றம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. தாத்தாவின் அலமாரியிலேயே ஒரு வசனப்பெட்டி இருந்தது. புதுவருஷத்தன்று அதிலிருந்து வசன அட்டையை உருவுவோம். அந்தப் பெட்டியின் மூதாதை ஜெர்மனியின் ஹாலே ஊர்ப் பக்தர்களிடம் இருக்கிறது. போகாட்ஸ்கி என்பவர் 1718இல் நாளுக்கொரு வசனமாக ஒரு பொக்கிஷப் புத்தகம் போட்டார். சீகன்பால்க் படித்ததும் அதே ஹாலேயில்தான். அங்கே பள்ளிப் பையனாக இருந்தபோது சீகன்பால்க்கைப் பார்த்த சின்சென்டார்ஃப், 1728 மே 3 அன்று ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ஒரு நாளுக்கு ஒரு வேதவாக்கு. அதைச் சபைச் சகோதரர்கள் காலையில் வீடு வீடாக எடுத்துப் போய்ச் சொல்வார்கள். ஆக, காலை வசனத்துக்கு வயது முந்நூறை நெருங்குகிறது. ஒரேயொரு வித்தியாசம்: அங்கே வசனத்தை நடந்து கொண்டுபோனவர், அந்த வீட்டில் யாருக்கு என்ன சங்கடம் என்று விசாரித்துவிட்டு வருவார்.

என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். அலுவலகப் பேருந்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேதாகமச் செயலியில் வாசிக்கிறாள், கேட்கிறாள். எத்தனை நாள் விடாமல் வாசித்தாள் என்று அது எண்ணிக் காட்டுகிறது. "கர்த்தர் வருகைப்பதிவேடா வைத்திருக்கிறார்?" என்று ஒருநாள் கிண்டல் பண்ணினேன். கிணற்றுக் கூலிக் கதையையும் சொன்னேன், நூறாவது தடவையாக. அவள் அந்த அதிகாரத்தைத் திறந்தாள். விரலால் நகர்த்திக்கொண்டே போய், "இருபதாம் வசனம் யாருப்பா வாசிச்சா?" என்றாள்.

அடிமைப் பெண்ணொருத்தியோடு ஒருவன் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பேசுகிற வசனம் அது. நான் எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று தாத்தாவுக்கு என்றால், ஏழு பேர் சுற்றில் இருபதும் தாத்தாவுக்குத்தான்.

"அதை வாசிச்சிட்டு நிறுத்தினாரா?"

நிறுத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா, அத்தை, ஆச்சி மூன்று பேரும் அந்தப் பாயில்தான் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. என் மகள் அந்த வசனத்துக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

2020 ஊரடங்கில் கோயில்கள் மூடிக் கிடந்தபோது அம்மாதான் மறுபடி ஆரம்பித்தாள். ஊரில் தனியாக இருக்கிறாள், கண் மங்கல். ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் எல்லாரும் வரவேண்டும். சார்ஜாவிலிருக்கும் தம்பிக்கு அப்போது ஏழரை. தாத்தாவின் அதே புத்தகம், முன்பக்கத்து வெற்றுத்தாளில் எங்கள் பிறப்பும் ஞானஸ்நானமும் பெரியவர்களின் இறப்பும் எழுதிய புத்தகம், அம்மா மடியில் இருக்கும். அவள் வாசிப்பது பக்கத்தில் வைத்த போனிலிருந்து, எழுத்தைப் பெரிதாக்கி. தம்பி மகனுக்குத் தமிழ் எழுத்து வராது. தன் முறை வந்தால் ஆங்கிலத்தில் வாசிக்கிறான். போன வருஷம் நாளாகமத்துப் பேர்ப்பட்டியலில் அவனும் எங்களைப் போலவே சிக்கினான். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றாள் அம்மா. சில நாள் சார்ஜா வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். வசனம் பாதியில் தொங்க, நாங்கள் காத்திருப்போம்.

நேற்று 118ஆம் சங்கீதம் முடிந்தது. இன்று மத்தியானம் குழுவில் அம்மாவின் செய்தி வந்திருந்தது, ரோஜாப்பூ எதுவும் இல்லாமல்:

"ராத்திரி 119. எல்லாரும் சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க."