சங்கப் பலகையும் இலண்டன் றோயல் சங்கமும்

சங்கம் என்னும் சொல்லைத் தமிழர்க்கு விளக்குதல் வேண்டா. மதுரையிலே புலவர் கூடித் தமிழாய்ந்தனர் என்றும், அவர் வீற்றிருந்த பலகை தக்கார்க்கு மட்டும் இடங்கொடுத்துத் தகவிலாரை ஏற்க மறுத்தது என்றும் கூறும் பழங்கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். அக்கதை வரலாறாகுமா என்பதை ஈண்டு யாம் ஆராயப் புகவில்லை. ஆனால் அதனுட் பொதிந்து கிடக்கும் வினா எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் உரியது. ஒரு சங்கத்தில் இருத்தற்கு உரியவர் யாவர்? அவரைத் தெரிந்தெடுக்கும் அளவுகோல் யாது?

நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் விழாக் கொண்டாடும் இவ்வேளையில் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமேயாம். விடை காண்டற்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் உலகிற் புகழ்பெற்று விளங்கிய இலண்டன் றோயல் சங்கம் தன் அங்கத்தவரைச் சேர்த்துக்கொண்ட வகையை நோக்குவோம். யாம் விஞ்ஞானம் கற்பிப்போம் அல்லேம், தமிழ் கற்பிப்போம். எனினும் அச்சங்கத்தின் வரலாறு விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. மனிதர் மனிதரை மதிக்கும் முறையைக் காட்டும் கண்ணாடி அது.

1660ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், இலண்டன் கிரெசாம் கல்லூரியிலே கிறிஸ்தோபர் ரென் நிகழ்த்திய விரிவுரையின் பின்னர் பன்னிருவர் ஒருங்கு கூடினர். இயற்கையைச் சோதனை வாயிலாக அறிதற்கு ஒரு சங்கம் வேண்டுமென அவர்கள் துணிந்தனர். 1662ஆம் ஆண்டில் அரசன் இரண்டாம் சாள்ஸ் அதற்குப் பட்டயம் வழங்கினான். யாவர் கூறினும் அக்கூற்றை அவ்வாறே கொள்ளற்க என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகத்தை அச்சங்கம் தன் குறிக்கோளுரையாகக் கொண்டது. சொன்னவரின் பெருமையை நோக்காது சொல்லின் மெய்ம்மையை நோக்குக என்பதே அதன் பொருள். இவ்வுயரிய கொள்கையைச் சங்கம் அங்கத்தவரைத் தெரிவதிலும் கைக்கொண்டதா என்பதே நம் ஆராய்ச்சி.

தெரிவு முறை ஒழுங்கானதே. 1731ஆம் ஆண்டு முதல், அங்கத்தவராக விரும்பும் ஒருவருக்குப் பரிந்துரைத் தாள் ஒன்று எழுதப்படல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அவருடைய பெயர், தொழில், தகுதி என்பனவற்றை அத்தாள் கூறும். அவரை அறிந்த அங்கத்தவர் மூவரேனும் அதிற் கையொப்பமிடுவர். அத்தாள் பல கூட்டங்கள் நடைபெறுங் காலம்வரை மண்டபத்திலே யாவரும் காணத் தொங்கவிடப்படும். பின்னர் மறைமுக வாக்கெடுப்பு நிகழும். வந்திருந்தோருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தாலன்றி ஒருவர் அங்கத்தவராதல் இயலாது.

ஆனால் இவ்விதிக்கு ஒரு விலக்கு இருந்தது. பிரபுக்குலத்தோர்க்குக் காத்திருத்தல் இல்லை. முன்மொழியப்பட்ட அன்றே அவர்களைத் தெரிவு செய்யலாம். இதன் பயனாகப் பிரபுக்கள், நிலக்கிழார்கள், மதகுருமார், சட்டவறிஞர் எனப் பலர் சங்கத்தை நிரப்பினர். இயற்கையாராய்ச்சியிற் கைபழகியோர் அவருள்ளே சிறுபான்மையினரே. இதனைக் குறைகூறுமுன் காரணத்தையும் எண்ணுதல் வேண்டும். அரசன் பட்டயம் வழங்கினானேயன்றி ஆண்டுதோறும் பொருள் வழங்கினானல்லன். அங்கத்தவர் தரும் பணமும் பெரியோர் ஆதரவுமே சங்கத்துக்கு உயிர்நாடி. செல்வாக்குடையோர் உள்ளிருந்தமையின் பயனும் பெரிது. 1769ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்லும் காட்சியை ஆராயும் பொருட்டுச் சங்கம் வேண்டிக்கொண்டபோது மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் 4,000 பவுண் உதவினான்.

சந்தா வாரம் ஒரு சிலிங். ஆண்டுக்கு 52 சிலிங். கூலியாளனுக்கும் ஏழைப் புலவனுக்கும் அது பெருந்தொகை. ஆயினும் சங்கத்தார் இதிற் சில வேளைகளிற் கண்ணோட்டம் காட்டினர். கேம்பிரிட்ஜில் ஆசிரியராயிருந்த ஐசாக் நியூற்றனுக்கு 1675ஆம் ஆண்டில் அவ்வாரச் சந்தாவை விலக்கினர். அவரே பின்னாளில், 1703 தொடக்கம் 1727 வரை, அச்சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே எனக் காட்டிய பெஞ்சமின் பிராங்கிளினுக்கு 1753ஆம் ஆண்டிற் கொப்லி பதக்கம் அளித்து, 1756ஆம் ஆண்டில் அவர் கேளாமலே அங்கத்தவராக்கி, கட்டணத்தையும் வேண்டாவென விட்டனர்.

இதனைப் படித்தபோது எம் நெஞ்சு எம்மைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன்னர் யாம் மாணவர் தமிழ்ச் சங்கம் ஒன்றன் பொறுப்பாசிரியராய் இருந்தோம். தவணை இறுதியிலே செயலாளன் ஒரு பட்டியலைக் கொணர்ந்தான். சந்தா செலுத்தாதோர் பெயர்கள் சிவப்பு மையினால் வெட்டப்பட்டிருந்தன. விதி விதியே எனக் கருதிக் கையொப்பமிட்டோம். பின்னர்ச் சங்கத்தின் கையெழுத்துச் சஞ்சிகையைப் புரட்டியபோதுதான், வெட்டுண்ட பெயர்களுள் ஒன்று அவ்விதழின் தலைசிறந்த கட்டுரையை எழுதிய மாணவனுடையது எனக் கண்டோம். அடுத்த தவணை அவன் கூட்டத்துக்கு வரவில்லை. யாமும் அழைக்கவில்லை.

மீண்டும் இலண்டனுக்குச் செல்வோம். பதக்கமும் பட்டமும் பெற்ற பெரியோர் பலர் இருக்க, எம் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஜோன் கன்ரன் என்னும் பள்ளியாசிரியர். நெசவாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, இலண்டன் ஸ்பிற்றல் சதுக்கத்திலே பாடசாலை நடாத்தியவர் அவர். பகலிற் பிள்ளைகளுக்குக் கற்பித்து, ஓய்வு வேளையிற் சோதனைகள் செய்தார். செயற்கைக் காந்தம் ஆக்கும் முறையைக் கண்டமைக்காக 1751ஆம் ஆண்டிற் கொப்லி பதக்கம் பெற்றார். 1752ஆம் ஆண்டில், முகிலிலிருந்து மின்சாரத்தைப் பெறலாம் என்னும் பிராங்கிளினின் கருத்தை இங்கிலாந்தில் முதன்முதல் மெய்ப்பித்தவரும் அவரே.

நீரை அமுக்கிச் சுருக்குதல் இயலாது என்று அறிஞர் நம்பியிருந்த காலம் அது. கன்ரன் நுண்ணிய குழாய் பொருந்திய கண்ணாடிக் குமிழொன்றில் நீரை நிரப்பி, அதனை வளியகற்றும் பம்பியின் கீழ் வைத்தார். வளியின் அமுக்கம் குறைந்ததும் குழாயில் நீர் மட்டம் சிறிதளவு உயர்ந்தது. அமுக்கம் நீங்க நீர் விரியுமாயின், அமுக்கம் ஏற அது சுருங்கும் என்பது தெளிவன்றோ? குமிழின் விரிவையும் கணக்கிட்டுக் கழித்தே அவர் இம்முடிபுக்கு வந்தார். இதற்காக 1764ஆம் ஆண்டுக்குரிய பதக்கமும் அவரைச் சேர்ந்தது. அங்கத்தவரான பின்னரும் அவர் பள்ளியை விட்டாரல்லர். 1772ஆம் ஆண்டில் மறையும்வரை ஆசிரியராகவே வாழ்ந்தார்.

அவரைப் போன்றோர் வேறும் உளர். பட்டு நெசவாளியாயிருந்த ஜோன் டொலண்ட், நிறப்பிழை நீங்கிய வில்லையைச் செய்து 1758ஆம் ஆண்டிற் பதக்கமும் 1761ஆம் ஆண்டில் அங்கத்துவமும் பெற்றார். பண்ணைக் கூலியாளின் மகனான கடலோடி ஜேம்ஸ் குக், 1776ஆம் ஆண்டில் அங்கத்துவமும், மாலுமிகளின் உடல்நலம் பேணிய முறைக்காகப் பதக்கமும் பெற்றார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பின் கணித ஆசிரியராய் உயர்ந்த சாள்ஸ் ஹற்றன் 1774ஆம் ஆண்டில் அங்கத்தவரானார்.

மதமும் நாடும் பெருந்தடையாய் நின்றில. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதார்க்கு அரச பதவிகள் மறுக்கப்பட்டிருந்த அக்காலத்திலே, 1723ஆம் ஆண்டில் யூத மருத்துவர் ஐசாக் டி செக்குவேரா சமுதாவும், 1747ஆம் ஆண்டிற் கத்தோலிக்க குருவான ஜோன் நீடமும் இச்சங்கத்திற் சேர்க்கப்பட்டனர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1753ஆம் ஆண்டில் அங்கத்தவரானார். ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக் 1680ஆம் ஆண்டிலேயே தெரிவாகி, ஒரு கூட்டத்துக்கேனும் வாராமல், 1723ஆம் ஆண்டில் மறையும்வரை தாம் உருப்பெருக்கியிற் கண்டவற்றைத் தம் தாய்மொழியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இறக்குந் தறுவாயில் 26 உருப்பெருக்கிகளைச் சங்கத்துக்கு விட்டுச் சென்றார். வந்து அமர்ந்தவர் பலர். வாராமலே சங்கத்தை வளர்த்தவர் இவர்.

எனினும் குலப்பெருமையின் நிழல் நீங்கிற்றில்லை. 1778ஆம் ஆண்டிற் சேர் ஜோசப் பாங்ஸ் தலைவரானார். பெருஞ்செல்வரான அவர் 23ஆம் வயதிலேயே அங்கத்தவரானவர். குக்குடன் உலகைச் சுற்றித் தாவரங்கள் திரட்டியவர். சங்கத்துக்கு அவர் செய்த தொண்டு சிறிதன்று. ஆயினும் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பதில் அவர் கை ஓங்கியிருந்தது. 1783ஆம் ஆண்டில் அயல்நாட்டுச் செயலாளராயிருந்த ஹற்றன் அப்பதவியை விட்டு நீங்க நேர்ந்தபோது கணித அறிஞர் கொதித்தெழுந்தனர். சங்கம் உழைப்போர்க்கா, உயர்குடியோர்க்கா என்னும் பூசல் மறுஆண்டுவரை கூட்டங்களில் ஒலித்தது. முடிவில் வாக்குப் பலத்தால் வென்றவர் பாங்ஸ். 1820ஆம் ஆண்டுவரை அவரே தலைவர்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் ஈண்டு நினைதல் வேண்டும். 1752 தொடக்கம் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த ஜோன் கிடியன் லோட்டன், பின்னர் இலண்டனிற் குடியேறி 1760ஆம் ஆண்டில் றோயல் சங்க அங்கத்தவரானார். இந்நாட்டுப் பறவைகளின் அழகிய ஓவியங்களை அவர் கொண்டு சென்றிருந்தார். அவற்றை ஆதாரமாகக் கொண்டு ஐரோப்பிய நூல்கள் எழுந்தன. நம் தோட்டங்களிலே வளைந்த நீண்ட அலகோடு பறந்து திரியும் தேன்சிட்டு இனம் ஒன்று லோட்டனின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆனால் அவ்வோவியங்களைத் தீட்டியவர் இந்நாட்டிற் பிறந்த பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெரே என்பவர். பறவையைக் கண்டதும் அதன் இறகின் நிறத்தைத் தாளில் நிறுத்தியதும் அவர் கண்ணும் கையுமே. அவருக்கு எவரும் பரிந்துரைத் தாள் எழுதவில்லை.

பரிந்துரைத் தாள் எழுதப்படாத மற்றொருவர் கரோலின் ஹேர்செல் அம்மையார். அவருடைய தமையனார் வில்லியம் ஹேர்செல், பாத் நகரிலே இசையாசிரியராயிருந்து 1781ஆம் ஆண்டில் யுரேனசுக் கோளைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டிலேயே சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தங்கையார் 1786 தொடக்கம் 1797 வரை எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். முதலாவதைப் பற்றி அவர் எழுதிய மடல் சங்கத்திலே படிக்கப்பட்டு ஆய்விதழிலும் அச்சேறியது. அவர் தொகுத்த விண்மீன் அட்டவணையை 1798ஆம் ஆண்டிற் சங்கமே தன் செலவில் வெளியிட்டது. 1787ஆம் ஆண்டு முதல் மன்னன் ஆண்டுக்கு 50 பவுண் ஊதியமும் வழங்கினான். அவர் எழுத்து மண்டபத்துள் நுழைந்தது. அவர் அங்கத்தவராக நுழையவில்லை. சொன்னவரை நோக்காது சொல்லை நோக்குக என்று முழங்கிய சங்கம், சொல்லை ஏற்றுக்கொண்டு சொன்னவரை வாயிலில் நிறுத்தியது.

தவற்றைத் திருத்தக் காலம் நெடிது சென்றது. 1847ஆம் ஆண்டிலேதான் ஆண்டுக்கு 15 பேரை மட்டும் அறிவுத்திறம் நோக்கித் தெரிதல் வேண்டுமென விதி அமைந்தது. அவ்விதி வழங்கிய காலத்தில், சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்த ஈரோட்டிற் பிறந்த தமிழர் சீனிவாச இராமானுசன், தம் கணித ஆற்றலொன்றே துணையாக 1918ஆம் ஆண்டில் அங்கத்தவரானார். பெண்டிர்க்குக் கதவு திறந்ததோ 1945ஆம் ஆண்டில்; கதலீன் லொன்ஸ்டேல், மார்ஜரி ஸ்ரீபன்சன் என்னும் இருவர் முதன்முதல் உட்சென்றனர். கரோலின் அம்மையார் மறைந்து அப்போது 97 ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பொருளும் செல்வாக்கும் சங்கத்துக்கு வேண்டா என்று யாம் கூறோம். கூரையும் விளக்கும் அவற்றால் வருவன. ஆனால் அந்நூற்றாண்டின் பிரபுக்களுட் பலர் பெயர் பழைய பதிவேட்டோடு நின்றுவிட, பள்ளியாசிரியர் கன்ரனின் கண்ணாடிக் குமிழ் இன்றும் பேசப்படுகின்றது. அங்கத்துவம் ஒருவரை உயர்த்துவது சில காலம். அங்கத்தவர் செய்த பணியே சங்கத்தை என்றும் உயர்த்துவது. மரப்பலகை தானே தகுதியறிந்து நீண்டு கொடுத்தது என்பது கதை. மனிதர் அமைத்த சங்கத்திலோ, உள்ளே இருப்பவர் சற்று ஒதுங்கினாலன்றி வெளியே நிற்பவர்க்கு இடமில்லை.

விழாக் காணும் நம் சங்கத்தாரிடம் எம் வேண்டுகோள் ஒன்றே. அங்கத்தவர் பதிவேட்டைத் திறக்கும்போது அதிலுள்ள பெயர்களை மட்டுமன்றி, இருந்திருக்க வேண்டிய பெயர்களையும் எண்ணுக. சந்தா நிலுவையால் நீங்கியவர், அழைப்பாரின்றி ஒதுங்கியவர், தூரத்துக் கிராமத்திலிருந்து கல்லூரிக்காக மௌனமாய் உழைத்தவர் எத்தனை பேர்! அன்று சிவப்பு மையால் வெட்டப்பட்ட அம்மாணவனும் இன்று பழைய மாணவனே. இம்மலரின் பிரதியொன்றை அவனுக்கு அனுப்பவுள்ளோம். அதனுடன் எம் கையால் எழுதிய அழைப்பும் செல்லும். பல ஆண்டுகள் பிந்திய அழைப்புத்தான்; அவன் வருவானாயின், எம் பக்கத்து இருக்கை அவனுக்கு உரியது.