முழங்கையின் கோணமும் நடுவரின் கண்ணும்

கிரிக்கெட் நடுவர் ஒவ்வொரு பந்திலும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்: பந்துவீச்சாளரின் கை விதிக்கு உட்பட்டு இயங்கியதா என்பது ஒன்று; துடுப்பாட்டக்காரரின் காலில் பட்ட பந்து, கால் குறுக்கிடாதிருந்தால் விக்கெட்டைத் தாக்கியிருக்குமா என்பது மற்றொன்று. முதலாவது ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும் அசைவைப் பற்றியது. இரண்டாவது நடக்காமலே போய்விட்ட நிகழ்ச்சியைப் பற்றியது. இவ்விரண்டையும் வெறுங்கண் எவ்வளவு துல்லியமாக அறியும் என்பது உலகெங்கும் இரசிகர்களைப் பிரித்த விவாதம். இலங்கையின் மத்திய மலைநாட்டில் அது கூடுதல் உணர்ச்சியோடு பேசப்பட்டதற்குக் காரணம் உண்டு.

டிக்கோயாவின் தரவளையிலும் நானுஓயாவை அடுத்த ரதல்லயிலும் உள்ள பழைய மைதானங்கள் தோட்டத்துரைமாரின் கழகங்களுக்காக எழுந்தவை; கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளோ லயன்களுக்கு நடுவே கிடைத்த சமதரையில் மென்பந்து ஆடி வளர்ந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரனும், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவருமான முத்தையா முரளிதரன், 2010 ஜூலையில் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைக் கைப்பற்றி உலகச் சாதனையோடு விடைபெற்றார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, தம் இருப்புக்கே சான்று காட்டும்படி பல பத்தாண்டுகள் பணிக்கப்பட்ட சமூகத்தின் வழிவந்த ஒருவரிடம், அவருடைய பந்துவீச்சுக்கும் சான்று கேட்கப்பட்டபோது, அட்டனிலும் தலவாக்கலையிலும் அதை விளையாட்டுச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாமற்போனது இயல்பே.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தொடங்கிய டெஸ்ட் போட்டியில், பந்துவீசும் முனையில் நின்ற நடுவர் டேரல் ஹேர், முரளிதரன் பந்தை வீசாமல் எறிகிறார் என்று கருதி, மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை நோ-பால் அறிவித்தார். எறிதல் என்பது, மடங்கிய முழங்கையைப் பந்து கையை விட்டு நீங்குமுன் நீட்டி, அந்த விசையால் பந்தைச் செலுத்துவதாகும். கை மடங்கியே இருப்பதை விதி தடுக்கவில்லை, மடங்கிய கை நீள்வதையே தடுக்கிறது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளிதரனை எதிர்முனைக்கு மாற்றினார். அங்கிருந்து அவர் வீசிய முப்பதுக்கும் மேற்பட்ட ஓவர்களில், அம்முனையில் நின்ற மற்ற நடுவர் ஸ்டீவ் டன்னோ, இப்போது பக்கவாட்டில் ஸ்குயர்-லெக் நிலையில் நின்ற ஹேரோ ஒரு பந்தையும் முறையற்றதாக அறிவிக்கவில்லை. பந்துவீச்சாளர் மாறவில்லை, நடுவரும் மாறவில்லை. பார்க்கும் திசை மட்டுமே மாறியிருந்தது. இவ்வழக்கு முழுவதிலும் இதைவிடச் சிந்திக்கத்தக்க செய்தி வேறில்லை.

இதன் விளக்கம் எளிய வடிவகணிதத்தில் இருக்கிறது. முழங்கைபோல வளைந்த கம்பியொன்றை விளக்கின் முன் பிடித்து மெல்லச் சுழற்றினால், கம்பியின் வளைவு சிறிதும் மாறாதபோதும், சுவரில் விழும் நிழல் ஒரு கணம் மடங்கியும் மறுகணம் நேராகவும் தோன்றும். கண்ணுக்குள் விழும் பிம்பமும், தொலைக்காட்சித் திரையில் தெரியும் படமும் அந்நிழலைப் போன்றே தட்டையானவை. பிறவியிலேயே முழங்கையை முழுமையாக நீட்ட இயலாதவரான முரளிதரன், தோளையும் மணிக்கட்டையும் வழக்கத்தை மீறிய அளவுக்குச் சுழற்றவும் வல்லவராயிருந்ததால், அவரது மேற்கை தன் அச்சில் சுழலும்போது, முழங்கை அதே கோணத்தில் நின்றாலும், சில திசைகளிலிருந்து பார்ப்பவருக்கு அது நீள்வதாகவே தோன்றக்கூடும்.

கண்ணின் சாட்சியத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் எலியட் உள்ளிட்ட உயிரியக்கவியல் அறிஞர்கள், அதாவது உடலின் அசைவுகளை விசையியல் முறையில் அளப்பவர்கள், முரளிதரனின் கையை 1996இல் ஆராய்ந்து, அது எறிவதுபோன்ற மாயத்தோற்றத்தையே தருகிறது என்று முடிவுகூறினர். பிற்காலத்தில் இத்தகைய சோதனைகளில், ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குமிழ்களைத் தோலில் ஒட்டி, பல திசைகளில் நிறுத்திய அதிவேக ஒளிப்படக்கருவிகளால் அவற்றின் முப்பரிமாண இடங்களைக் கணக்கிட்டு, முழங்கைக் கோணத்தைப் பெறும் முறை நிலைபெற்றது. அக்கருவிகள் மற்றப் பந்துவீச்சாளர்கள் மீதும் திருப்பப்பட்டபோது கிடைத்த முடிவு விதியையே அசைத்துவிட்டது: குறையற்ற கை என்று போற்றப்பட்ட வேகப்பந்துவீச்சாளர்கள் உட்பட, ஏறத்தாழ எல்லோருடைய முழங்கையும் ஓரளவு நீள்கிறது. சுழற்பந்துக்கு 5, மித வேகத்துக்கு 7.5, அதிவேகத்துக்கு 10 பாகை என்றிருந்த வரம்புகளை விலக்கி, 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை அனைவருக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பை விதித்தது. முரளிதரனுக்காகவே விதி வளைக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு இன்றும் கேட்கிறது. பழைய வரம்புகளை அப்படியே நடைமுறைப்படுத்தியிருந்தால் தடைக்குள்ளாகியிருக்கக்கூடியவர்கள் யார் யார் என்பதை எண்ணிப்பார்க்காதவர்களின் வாதம் அது.

நடுவரின் இரண்டாவது கேள்வியான எல்.பி.டபிள்யூ தீர்ப்பும் இலங்கை மண்ணிலேயே முதன்முதலாகக் கருவியின் சோதனைக்கு உட்பட்டது. 2008இல் இந்திய அணி இலங்கைக்கு வந்தபோது டெஸ்ட் போட்டிகளில் மேன்முறையீட்டு முறை பரீட்சார்த்தமாகப் பயன்படுத்தப்பட்டது. அத்தொடரில் இலங்கையின் மேன்முறையீடுகளில் 11 வெற்றிபெற, இந்தியாவுக்கு ஒன்று மட்டுமே வாய்த்தது. பந்தின் பாதையைப் பல ஒளிப்படக்கருவிகளால் பதிந்து, காலில் பட்ட இடத்துக்கு அப்பால் அது எங்கே சென்றிருக்கும் என்று கணிப்பதே இன்று எல்.பி.டபிள்யூ மேன்முறையீடுகளைத் தீர்க்கும் முறை. பதிவான பாதை அளவீடு. அதற்கு அப்பாற்பட்டது ஊகம். ஊகிக்கும் தொலைவு கூடக்கூடப் பிழையும் கூடும். ஆகவேதான், பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி விக்கெட்டின் ஓரத்தைத் தொடும் எனக் கணிப்பு காட்டினால், களநடுவரின் முதல் தீர்ப்பே நிலைக்கும் என்று விதி கூறுகிறது. ஒரே பாதையில் சென்ற பந்துக்கு ஒருநாள் ஆட்டமிழப்பும் மறுநாள் மறுப்பும் கிடைப்பது இரசிகர்களைச் சினங்கொள்ளச் செய்தாலும், தன் பிழையின் எல்லையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் கருவியே நம்பத்தக்கது என்பதால், இவ்விதி பாராட்டுக்குரியது.

அமெரிக்கர்களின் பேஸ்போல் ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே 17 அங்குல அகலமுள்ள தட்டுக்கு மேலே, அடிப்பவரின் உடல் உயரத்தைப் பொறுத்து மாறும் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் பந்து புகுந்ததா என்பதை நடுவர் சொல்ல வேண்டும். தென்கொரியக் கழகங்களின் தொடரில் 2024 முதல் இத்தீர்ப்பு முழுவதும் கருவியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கிருந்து கற்கவேண்டியது வேறொன்று. அமெரிக்கப் போட்டிகளில் 2008, 2009 பருவங்களில் வீசப்பட்ட ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை அலசி 2014இல் வெளியான ஆய்வொன்று, பெயர்பெற்ற பந்துவீச்சாளர்களுக்கு நடுவர்கள் சாதகமாகத் தவறிழைக்கிறார்கள் என்று காட்டியது. நற்பெயர் கண்ணை ஒரு பக்கம் சாய்க்குமானால், ஐயம் அதை மறுபக்கம் சாய்க்காதா? 1996 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடுவர் ரோஸ் எமர்சன், முரளிதரன் வீசிய, எறிவதற்கே மிகக் கடினமான லெக்-பிரேக் வகைப் பந்தைக்கூட எறியப்பட்டதாக அறிவித்ததை இந்த வெளிச்சத்தில் மீண்டும் எண்ணிப்பார்ப்பது தகும்.

ஐயத்துக்குள்ளாகும் பந்துவீச்சாளரை நடுவர்கள் முறைப்பாட்டில் குறிப்பிட, அவர் பேரவையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்படுவதே இன்றைய நடைமுறை. இலங்கைச் சுழற்பந்துவீச்சாளர் அகில தனஞ்சய 2019இல் சென்னையில் சோதிக்கப்பட்டார். எனினும் ஆய்வுக்கூடம் அளப்பது அங்கு வீசப்படும் பந்தையே. களைப்பும் பதற்றமும் கூடிய போட்டி நாளின் மாலையில் அதே கை 15 பாகைக்குள் நிற்கிறதா என்பதை ஆட்டத்தின் நடுவிலேயே அளந்து சொல்லும் வழி நடைமுறைக்கு வரும்வரை, முதல் ஐயம் எழும் இடம் நடுவரின் கண்ணாகவே இருக்கும். அந்தக் கண் எந்தத் திசையில் நின்று பார்த்தது என்பதையும் முறைப்பாட்டில் எழுதவைப்பது பேரவைக்குச் சிரமமான காரியமன்று.