உயரம் தெரியாமலே வேகம் தெரியுமா?

செங்குத்தாக எறிந்த பந்து 1ஆவது விநாடியில் ஒரு ஜன்னலைத் தாண்டி ஏறுகிறது. 3ஆவது விநாடியில் அதே ஜன்னலைத் தாண்டி இறங்குகிறது. ஜன்னலின் உயரம் தெரியாது. எறிந்த வேகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். காற்றுத் தடையை விட்டுவிட்டால்,

உயரம் = −5 × நேரம்² + ப × நேரம் + ச

(புவியீர்ப்பு முடுக்கத்தைத் தோராயமாக 10 என்று கொண்டதால் அந்த 5.) எறிந்த வேகம் 'ப', கை இருந்த உயரம் 'ச'. இதன் வரைபடம் ஒரு பரவளையம். சமச்சீர் அச்சிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் உயரமும் சமம். ஆகவே அச்சு 1க்கும் 3க்கும் நட்டநடுவே, 2இல். சூத்திரப்படி அச்சு −ப ÷ (2 × −5), அதாவது ப ÷ 10. எனவே ப = 20; விநாடிக்கு 20 மீட்டர்.

'ச' எங்கே போனது? கணக்கின் அழகே அதில்தான். இரு நேரங்களின் உயரங்களையும் சமன்படுத்துங்கள்: −5 + ப + ச = −45 + 3ப + ச. இருபுறமும் 'ச' அடிபட்டுப்போகிறது. மீண்டும் அதே 20. அதே வேகத்தில் மொட்டைமாடியிலிருந்து எறிந்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து எறிந்தாலும் வளைவு மேலே கீழே நகருமே தவிர, அச்சு அசையாது.