வலைப்பாதையில் சுங்கச்சாவடி

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் செல்லும் நம்மவர்க்கு எல்லைக்கோடு புதிதன்று. 1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அமரவிளைச் சாவடியில் சரக்கு லாரிகள் வரிக்காகக் காத்துக் கிடந்த காட்சியை முதியோர் மறந்திரார். இன்று அவ்வூர்த் தமிழ் இல்லங்களுக்குத் தாய்மொழி ஏட்டையும், தூரதேசத்து மக்களின் முகத்தையும் எல்லை பாராது கொண்டு சேர்ப்பது இணையம். அப்பாதையிலும் ஒரு சாவடி எழுந்தால் என் செய்வது?

இணையத் தொடர்பு வழங்கும் நிறுவனம் பாதைக்குச் சொந்தக்காரர் போன்றது. பாரத்திற்கேற்பக் கூலி கேட்பது அதன் உரிமை. ஆனால், வண்டியில் இருப்பது யாருடைய சரக்கு என்று பார்த்து, பணங்கொடுத்த பெருவணிகரை விரைந்து விட்டு, ஏழை வணிகரை நிறுத்தி வைப்பது முறையாகுமா? ஆகாது என்பதே இணைய நடுநிலைக் கொள்கை.

இவ்வழக்கு நம் நாட்டில் 2015-இல் முற்றியது. பேஸ்புக் நிறுவனம், ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்னும் பெயரில், சில தளங்களை மட்டும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியே இலவசமாக வழங்க முன்வந்தது. ஏழைக்கு இலவசம் நன்றுதானே என்றனர் சிலர். ஆனால் பட்டியலில் இல்லாத தளத்திற்கு வாசகர் காசு கொடுத்தல்லவா வரவேண்டும்? பெருந்தளம் பிழைத்துக்கொள்ளும், ஓர் ஆசிரியர் தம் கைப்பொருளில் நடத்தும் தமிழ்த் தளம் ஆளின்றிப் போகும். இலட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்கு மடல் எழுதினர். 2016 பிப்ரவரி 8-ஆம் நாள், உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வேற்றுமை காட்டலாகாதென ஆணையம் விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ. 50,000, மொத்தம் ரூ. 50 இலட்சம் வரை தண்டம். தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாதென்ற விதிகளை 2018-இல் மத்திய அரசு ஏற்றது.

வழங்குநர் தரப்பிலும் நியாயம் உண்டு. கம்பி பதிக்கவும் கோபுரம் நாட்டவும் பெரும்பொருள் வேண்டும். வாட்ஸ்அப் அழைப்பால் அவர்தம் பழைய வருவாயும் குன்றியது. பெருந்தளங்கள் செலவில் பங்கேற்க வேண்டுமென 2023-இலும் அவர்கள் முறையிட்டனர். ஆயினும், சாவடியின் விலையை ஐக்கிய அரபு அமீரகத்தில் உழைத்த நம்மவர் அறிவர். அங்கே வாட்ஸ்அப் குரலழைப்பு தடுக்கப்பட்டிருந்தமையால், ஊரிலுள்ள தாயின் குரலைக் கேட்க, அனுமதி பெற்ற தனிச் செயலிக்குப் பணங்கட்ட நேர்ந்தது.

அமெரிக்காவில் 2015-இல் வந்த நடுநிலை விதி 2017-இல் நீக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் இயற்றப்பெற்று, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. பெற்ற உரிமையும் காவாதார்க்கு நில்லாது. ஆகவே நேயர்களே! ஆணையம் மீண்டும் மக்கள் கருத்தைக் கேட்குமாயின், நம் இல்லந்தோறும் ஒரு மடல் செல்லட்டும். 2016-இல் சாவடியைத் தடுத்தது அத்தகைய மடல்களே.