மாடியில் கணீர்... கூடத்தில் கரகர! எஃப்.எம். ஏன் இப்படிச் செய்கிறது?



ஒரே வீடு, ஒரே ரேடியோ, ஒரே நிலையம். மொட்டை மாடியில வெச்சா பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி கேட்குது. கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தா அப்பளம் பொரிக்கிற சத்தம்! உடனே "ஸ்டேஷன்ல கோளாறு" என்று பழியைத் தூக்கி நிலையத்தின் மேல் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே ஒரு கோளாறும் இருக்காது. அலை நம்மிடம் வந்து சேருகிற வழியில்தான் விஷயம் இருக்கிறது.

பாட்டு கேட்கத்தானே, போகட்டும் என்று விட்டுவிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனில் டவரும் இல்லை. எங்கள் தெருவில் பேட்டரி போட்ட ரேடியோ ஒரு தாத்தாவிடம் மட்டும்தான் இருந்தது. அவர் வீட்டுக்குள் வைத்தால் வெறும் இரைச்சல். மாடிப்படி திரும்புகிற இடத்து ஜன்னலில் வைத்தால் பேச்சு புரிந்தது. மழை இன்னும் இருக்கா, தண்ணி ஏறுமா என்று தெரிஞ்சுக்க ஆறேழு வீட்டு ஆளுங்க அந்தப் படிக்கட்டுல நின்னாங்க. அந்த ஜன்னலில் மட்டும் ஏன் கேட்டது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பெருமை. இந்தியாவிலேயே எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது நம்ம சென்னையில்தான், 1977-ல். தனியார் நிலையங்கள் இங்கே வந்தது 2003-ல். அதற்கு அடுத்த ஆண்டு, 2004-ல், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 சமுதாய வானொலி பிறந்தது.

எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிற பிள்ளை. மத்திய அலை அப்படி இல்லை. சென்னை வானொலி என்றதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வரும் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். அவ்வளவு நீளமான அலை தரையை ஒட்டி வளைந்து வெகுதூரம் போகும். வீடு, மரம் எல்லாம் அதற்குத் தூசு. ஆனால் 98.3 மெகாஹெர்ட்ஸில் வரும் எஃப்.எம். அலையின் நீளம் வெறும் 3 மீட்டர், நம்ம வகுப்பறையின் உயரம்தான்! அதற்குக் கட்டடமும் மலையும் பெரிய தடை.

பூமி உருண்டை என்பதும் இங்கே வேலை செய்கிறது. 100 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் நின்று பார்த்தால் சுமார் 36 கிலோமீட்டர் வரை தரை தெரியும். ரேடியோ அலை காற்றில் லேசாக வளைவதால் 41 கிலோமீட்டர் வரை எட்டும். நீங்கள் ரேடியோவை 9 மீட்டர் உயர மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால் இன்னும் 12 கிலோமீட்டர் கூடும். மாடியில் ஏன் கணீர்னு கேட்குதுன்னு இப்பப் புரியுதா? நகரின் நடுவில் இருக்கும் கோபுரத்துக்குத் தாம்பரம் ரொம்பக் கிட்ட. செங்கல்பட்டு விளிம்பில் நிற்கிறது. காஞ்சிபுரம் அந்த விளிம்புக்கும் அப்பால். விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடாது, மங்கிக்கொண்டே போகும்.

"அப்ப பவரைக் கூட்டினா போதாதா?" என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. சமுதாய வானொலிக்கு 100 வாட் தான் அனுமதி, பெருநகரத் தனியார் நிலையங்களுக்குப் பல்லாயிரம் வாட். ஆனால் சக்தியை நூறு மடங்கு ஆக்கினாலும், தடையே இல்லாத வெட்டவெளியில்கூட தூரம் பத்து மடங்குதான் கூடும். பூமியின் வளைவு குறுக்கே வந்தால் அதுவும் கிடைக்காது. அதனால்தான் வாட்டைவிடக் கோபுர உயரத்துக்கு இவ்வளவு மதிப்பு.

சரி, நகரத்துக்கு நடுவிலேயே இருக்கிற வீட்டில் ஏன் கரகர? இங்கேதான் வேடிக்கை. அலை கோபுரத்திலிருந்து நேராகவும் வரும், எதிரே இருக்கிற அடுக்குமாடியில் மோதித் திரும்பியும் வரும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது முகடும் முகடும் சேர்ந்தால் ஒலி தெளிவு. முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். இந்த 'செத்த இடங்கள்' சுமார் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வரலாம். ஆகவே ரேடியோவை ரெண்டு முழம் தள்ளி வைத்தாலே நிலைமை மாறும். சிக்னலில் நிற்கும் பஸ்ஸில் பாட்டு 'உஸ்ஸ்' என்று போய், பஸ் கொஞ்சம் நகர்ந்ததும் திரும்ப வருவதும் இதனால்தான். டிரைவர் அண்ணன் ரேடியோவைத் தட்டுவார். அது பாவம், என்ன செய்யும்? மெட்ரோ சுரங்கத்தில் தட்டினாலும் பயனில்லை, தலைக்கு மேலே அத்தனை மண்ணும் கம்பி போட்ட கான்கிரீட்டும் இருக்கின்றன.

தாத்தா வீட்டுக்கு வருவோம். கூடத்தைச் சுற்றிக் கம்பி வைத்துக் கட்டிய தளமும் தூணும் சுவரும். படிக்கட்டு ஜன்னல் ஒரு மாடி உயரம், எதிரே வீடு இல்லாத காலி மனை. வேறென்ன வேண்டும்!

ஆன்டெனா பற்றி ஒரு வார்த்தை. அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. எனவே ஆன்டெனாவை முழுசா இழுத்து விடுங்க. நட்டுக்குத்தலாகவும் படுக்கவைத்தும் திருப்பிப் பாருங்கள். செல்போனில் ஹெட்போன் மாட்டினால்தான் எஃப்.எம். வரும் என்பதற்கும் காரணம் இதுதான். அந்த ஒயரே ஆன்டெனா! இப்போது வரும் பல போன்களில் எஃப்.எம். வசதியே இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசு செல்போன் நிறுவனங்களுக்கு, எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. பேரிடர் காலத்துத் தேவையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இரைச்சலைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. ஸ்டீரியோவுக்கு அலையின் பலம் அதிகம் வேண்டும். 'மோனோ' ஸ்விட்ச் இருந்தால் போடுங்கள், பாதி கரகர அடங்கிவிடும். மட்டமான எல்.இ.டி. பல்பும் சார்ஜரும்கூடச் சத்தம் கிளப்பும். அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு சோதனை செய்வோமா? ரெயின்போ 101.4-ஐ வைத்து உங்கள் வீட்டில் கூடம், சமையலறை, ஜன்னல், படிக்கட்டு, மாடி என ஐந்து இடத்தில் கேளுங்கள். தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்பதால் அரசு வானொலியைச் சொல்கிறேன். ஒவ்வொரு இடத்துக்கும் 5-க்கு எத்தனை மதிப்பெண் என்று, தெருப் பெயரோடு இந்த அட்டையின் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னாடி எழுதினால் நல்லது. பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், யாரும் எடுத்துட்டுப் போயிடாதீங்க!