முகம் மாறிய மோட்டார் வண்டி

கார்த்திகை விண்மீன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் ஆறு மீன்கள் ஒரு சிறு கொத்தாக நெருங்கி மின்னும். அறுமீன் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். அதே கூட்டத்தை ஜப்பானியர் ‘சுபாரு’ என்று அழைப்பர். ஒன்றுசேர்தல் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. 1953-ஆம் ஆண்டில் ஜப்பானில் சில கம்பெனிகள் இணைந்து ஒரு பெரிய தொழில் நிறுவனமாயின. அந்நிறுவனம் தான் செய்த மோட்டார் வண்டிகளுக்குச் சுபாரு என்ற பெயரையே சூட்டிற்று. இன்றும் அவ்வண்டிகளின் நெற்றியில் ஆறு விண்மீன்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சுபாரு வண்டிகளுள் ஒன்றைப் பற்றியே இப்போது பேசப் போகிறேன். டபிள்யூ.ஆர்.எக்ஸ். என்பது அதன் பெயர். சிறிய வண்டி, வேகமான வண்டி, நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் வண்டி. அதன் உருவத்தைக் கம்பெனி மாற்றும்போதெல்லாம் அதன் அபிமானிகளிடையே பெரிய சர்ச்சை மூண்டு வந்திருக்கிறது. விளக்கு வட்டமாக இருந்தால் என்ன, நீளமாக இருந்தால் என்ன, இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தச் சர்ச்சையில் உங்களுக்கும் எனக்கும் பயன்படும் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு பொருளில் எவையெல்லாம் மாறலாம்? எது மாறினால் அது வேறு பொருளாகிவிடும்? அதுதான் அந்தக் கேள்வி.

முதலில் வண்டியின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வோம். பெரும்பாலான எஞ்சின்களில் பிஸ்டன்கள் நிமிர்ந்த நிலையில் மேலும் கீழுமாக இயங்கும். 1966-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சுபாரு 1000’ என்ற வண்டியில் அவை படுத்த நிலையில் இயங்கின. பாதிப் பிஸ்டன்கள் வலப்புறமும் பாதி இடப்புறமும் இருந்தன. எதிரெதிரே நிற்கும் இரு குத்துச்சண்டை வீரர்களைப் போல அவை ஒரே நேரத்தில் வெளியே நீளும்; ஒரே நேரத்தில் உள்ளே வரும். இதனால் ஒரு பக்கத்து அதிர்ச்சியை மறு பக்கம் ஈடுசெய்கிறது. எஞ்சினும் தட்டையாக, தரைக்கு அண்மையில் அமைகிறது. பாரம் தாழ்வாக இருக்கும் வண்டி, வளைவுகளில் அதிகம் சாய்வதில்லை.

வட ஜப்பானின் தோஹோகுப் பகுதியில் குளிர்காலத்தில் கடும் பனி பெய்யும். அங்குள்ள மின்சாரக் கம்பெனி தன் ஊழியர்களுக்காக, ஜீப்பைவிட வசதியாகவும் பனியில் சிக்காமலும் செல்லும் வண்டி ஒன்றை விரும்பியது. அந்தத் தேவையை ஒட்டி எழுந்த முயற்சியின் பயனாக, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ‘லியோனி’ என்ற வண்டியைச் சுபாரு 1972-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நான்கு சக்கர விசையின் பயன் யாது? வழுக்கும் வரப்பின்மேல் இருவர் பாரம் சுமந்து செல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே பாரத்தை நால்வர் சுமந்தால் ஒவ்வொருவர் காலும் தரையை உதைக்க வேண்டிய அளவு பாதியாகும், வழுக்குவதும் குறையும். டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது. எஞ்சினின் விசையை இரண்டு சக்கரங்கள் மட்டும் பங்கிட்டுக்கொண்டால் அவை அந்த எல்லையை விரைவில் கடந்து வீணாகச் சுழலும். நான்கும் பங்கிட்டுக்கொண்டால் அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இந்த ஏற்பாடு வண்டியை ஓட்டத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக்கு எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு அன்றோ?

1992-ஆம் ஆண்டில் ‘இம்பிரெசா’ என்ற சிறு வண்டி பிறந்தது. அதன் விரைவு வகைக்கே டபிள்யூ.ஆர்.எக்ஸ். என்று பெயர். உலக ராலிப் போட்டிக்கான சோதனை வண்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. ராலி என்பது வட்டப் பாதையில் சுற்றும் பந்தயம் அன்று. சரளைக் கல், சேறு, பனி, மலைச்சாலை ஆகிய எல்லாவற்றிலும், ஊர்ப்புறத்து வழிகளிலே நேரத்தைக் கணக்கிட்டு ஓடும் பந்தயம். அக்காலத்து விதிப்படி, பந்தயத்தில் ஓடும் வண்டி, கடைகளில் பொதுமக்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்கப்படும் வண்டியிலிருந்தே உருவாக வேண்டும். ஆதலால் தெருவில் ஓடிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். பந்தய வீரனின் உடன்பிறப்பாயிற்று. 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து உற்பத்தியாளருக்கான உலகப் பட்டத்தைச் சுபாரு வென்றது. 1995-இல் ஓட்டுநர் பட்டம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த காலின் மெக்ரே என்பவருக்குக் கிடைத்தது. நீல உடலும் பொன்னிறச் சக்கரங்களும் கொண்ட அந்த வண்டி பலருடைய நெஞ்சில் இடம்பெற்றுவிட்டது.

அதன் பானெட்டின்மேல் வாய் திறந்தாற்போல ஒரு திறப்பு இருக்கும். அது அலங்காரம் அன்று. டர்போ என்னும் கருவி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான காற்றில் செறிவு குறைவு. எனவே அதைக் குளிர்விக்க வேண்டும். குளிர்விக்கும் கருவி இவ்வண்டியில் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிறது. அதற்கு வெளிக்காற்றை ஊட்டுவதற்கே அந்த வாய். உருவத்தின் ஒரு பகுதி உள்ளிருக்கும் தொழிலைக் காட்டுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனிச் சர்ச்சைக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் இம்பிரெசாவின் இரண்டாம் தலைமுறை வெளிவந்தது. உடற்கட்டு முன்னையதைவிட உறுதியாயிற்று, எடையும் கூடியது. பழைய வண்டியின் அகலம் 1690 மில்லிமீட்டர். புதிய நாற்கதவு டபிள்யூ.ஆர்.எக்ஸ். வண்டியின் அகலம் 1730 மில்லிமீட்டர். ஆனால் அபிமானிகளின் கண்ணில் பட்டவை இவை அல்ல. விளக்குகளே பட்டன! கூர்மையான பழைய முகம் போய், பெரிய வட்ட விளக்குகள் வந்திருந்தன. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘பூச்சிக்கண்’ என்று பொருள்படப் பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள். வீரன் முகம் விளையாட்டுப் பொம்மையின் முகமாயிற்று என்று ஒரு சாரார் வருந்தினர். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று மறு சாரார் விடை கூறினர்.

கம்பெனியும் இதைக் காது கொடுத்துக் கேட்டது. இரண்டே ஆண்டுகளில், 2002-இல், வட்ட விளக்குகளை நீக்கி வேறு முகம் பொருத்தியது. 2005-இல் மீண்டும் ஒரு மாற்றம், விளக்குகள் ஒடுங்கின. அந்த முகத்தைப் ‘பருந்துக்கண்’ என்றனர். ஒரே தலைமுறைக்கு மூன்று முகங்கள்! 2007-இல் மூன்றாம் தலைமுறை வந்தபோது, இதன் உச்ச வகையான எஸ்.டி.ஐ. ஐந்து கதவு வண்டியாக மட்டுமே கிடைத்தது. இது எங்கள் வண்டி அன்று என்ற குரல் மறுபடியும் எழுந்தது. 2010-இல் நாற்கதவு உருவமும் திரும்பி வந்தது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ‘பூச்சிக்கண்’ என்று எள்ளி நகையாடப்பட்ட அதே முகத்துடன்தான் 2001-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பர்ன்ஸ் என்ற ஆங்கிலேயர் உலக ராலி ஓட்டுநர் பட்டத்தை வென்றார். வட்ட விளக்கு அவருடைய வேகத்தைக் குறைக்கவில்லை. இன்று அந்த வண்டியைப் பேணிக் காத்து வைத்திருப்போர் உண்டு. வசைச் சொல்லாகப் பிறந்த ‘பூச்சிக்கண்’ என்பதையே அவர்கள் செல்லப் பெயராக்கிக்கொண்டனர்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், புதிய டபிள்யூ.ஆர்.எக்ஸ். வெளியிடப்பட்டது. உள்ளே பல முன்னேற்றங்கள் இருந்தன. எஞ்சின் 2 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராகப் பெருகியது. அமெரிக்காவில் விற்ற வண்டியின் ஆற்றல் 271 குதிரைத்திறன். முறுக்கினால் வளையாதிருக்கும் உடலுறுதி 28 விழுக்காடு கூடியது என்று கம்பெனி அறிவித்தது. இவ்வளவும் இருக்க, பேச்சு முழுவதும் ஒன்றைப் பற்றியே நடந்தது. சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டு வளைவுகளிலும் வண்டியின் கீழ்ப்பகுதியிலும் வண்ணம் பூசாத கரிய பிளாஸ்டிக்குப் பட்டைகள் ஒட்டியிருந்தன!

எதிர்த்தவர்கள் கூறியது என்ன? இத்தகைய பட்டை காட்டுவழியிற் செல்லும் உயரமான வண்டிகளுக்கு உரியது. விரைவு வண்டிக்கு எதற்கு? வண்ணம் பூசாத பிளாஸ்டிக்கு வெயிலில் வெளுத்துப்போகும் அல்லவா? விலைமலிவான தோற்றம் வந்துவிட்டதே! ஆதரித்தவர்களோ, இவ்வண்டி சரளைச் சாலையில் பிறந்தது, சக்கரம் வீசும் கற்கள் வண்ணத்தைச் சிதைப்பதைவிடப் பட்டையில் படுவது மேல் என்றனர். வெற்றி பெற்ற பழைய ராலி வண்டிகளில் இந்தப் பட்டைகள் இருந்தனவா என்று எதிர்த்தவர்கள் திருப்பிக் கேட்டனர். இடையே கம்பெனியின் விளக்கமும் வந்தது. அந்தப் பட்டையின் மேற்பரப்பில் அறுகோணச் சிறு பொறிப்புகள் உள்ளன, அவை காற்றோட்டத்தை நிலைப்படுத்துகின்றன, சக்கரக் குழிவில் தேங்கும் காற்று வளைவின் பின்புறத் துளை வழியே வெளியேறுகிறது என்று அது கூறியது.

இந்த வாதங்களைச் சற்றே பிரித்துப் பாருங்கள். அழகாக இல்லை என்பது சுவை பற்றிய கூற்று. அதை மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. அவரவர் கண்ணுக்கு அவரவரே நீதிபதி. வெயிலில் வெளுக்கும் என்பதும் காற்றோட்டத்திற்கு உதவும் என்பதும் அளந்தறியத்தக்க கூற்றுகள். ஒன்றை வெயிலில் வைத்துப் பார்க்கலாம். மற்றொன்றைக் காற்றுக் குகையில் சோதிக்கலாம். பழைய வண்டி இப்படி இல்லை என்பது மூன்றாம் வகை. அது நினைவு பற்றிய கூற்று. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசியதனாலேயே வாதம் முடிவின்றி நீண்டது. சுவையைச் சொன்னவருக்கு மற்றவர் அளவையால் விடை கூறினார். அளவையைக் கேட்டவருக்கு இவர் நினைவால் விடை கூறினார். நம் கல்லூரிச் சொற்போர்களிலும் இது நடப்பதை நீங்கள் அறிவீர்கள்.

எனினும் அந்த அபிமானிகளை நான் குறை கூற மாட்டேன். ஒரு பொருளை ஆழ்ந்து நேசிப்பவனுக்குத்தான் அதன் சிறு மாற்றமும் உறுத்தும். மேலும், 2002-இல் கண்டது போல, அவர்கள் குரல் வீண் போவதும் இல்லை. நான் காட்ட விரும்புவது வேறொன்று.

மட்கார்டைப் பற்றிய பேச்சு அடங்குவதற்கு முன்பே, 2022-ஆம் ஆண்டு மார்ச்சில், கம்பெனியின் அமெரிக்கப் பிரிவு ஓர் அறிவிப்பைச் செய்தது. அந்தப் புதிய உடலமைப்பின்மேல், பெட்ரோல் எஞ்சின் கொண்ட எஸ்.டி.ஐ. வகை உருவாக்கப்படாது என்பதே அது. புகை, எரிபொருள் பற்றிய விதிகள் கடுமையாகி வருவதையும், மோட்டார் உலகம் மின்சாரத்தை நோக்கித் திரும்புவதையும் அது காரணமாகக் காட்டியது. 1994 முதல் தலைமுறை தலைமுறையாக வந்த உச்ச வகை அது. பட்டையின் நிறத்தில் எல்லாருடைய கண்ணும் பதிந்திருந்த வேளையில், பெரிய மாற்றம் எஞ்சினிலும் சட்ட விதிகளிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

எது மாறினால் இது வேறு வண்டியாகிவிடும் என்ற முதற் கேள்விக்கு இப்போது விடை காணலாம். விளக்கு வட்டமாயிற்று, நீண்டது, ஒடுங்கிற்று; கதவு ஐந்தாயிற்று, நான்காயிற்று; வண்டி அதே வண்டியாகவே இருந்தது. படுத்தியங்கும் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் விசை, பானெட்டின்மேல் காற்றை விழுங்கும் வாய் ஆகிய மூன்றும் 1992-இல் இருந்தவாறே 2021-ஆம் ஆண்டு வண்டியிலும் இருந்தன. பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம் வந்தால் பிஸ்டனும் இல்லை, டர்போவும் இல்லை. அந்த வாய்க்கும் வேலை இல்லை. அன்று எழும் சர்ச்சை உருவத்தைப் பற்றியதாக இராது. உயிரைப் பற்றியதாக இருக்கும். சேற்றிலும் பனியிலும் உறுதியாக ஓடும் இயல்பே உயிர் என்பார் சிலர். எஞ்சினின் முழக்கமே உயிர் என்பார் சிலர். அந்த வாதத்திற்கு இன்னும் நல்ல தயாரிப்பு வேண்டும்.

நீங்கள் நாளை ஒரு புதிய பாடத்திட்டத்தையோ, புதிய கட்டடத்தையோ, புதிய எழுத்து முறையையோ எதிர்க்கலாம், ஆதரிக்கலாம். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எனக்குப் பிடிக்கவில்லையா, அல்லது இது பயன்படவில்லையா? இந்தப் பகுதி எந்த வேலைக்காக இங்கே இருக்கிறது? நான் கவனியாத இடத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் ஏதேனும் நிகழ்கிறதா? கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிவன ஆறு மீன்களே. தொலைநோக்கியில் பார்ப்பவனுக்கு அங்கே நூற்றுக்கணக்கில் மீன்கள் உண்டு.